இந்த ஆண்டின் வண்ணத்தை வீட்டில் எங்கே வைப்பது?

ஒவ்வொரு டிசம்பரிலும் அமெரிக்காவின் பேன்டோன் நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான வண்ணம் என்று ஒன்றை அறிவிக்கிறது. 2000-ஆம் ஆண்டுக்கு ஒரு வானநீலத்தைச் சொல்லித் தொடங்கிய வழக்கம் இது. 2023-க்கு அடர்ந்த மெஜந்தா, 2024-க்குப் பீச் பழத்தின் இளஞ்சிவப்பு, 2025-க்கு மோக்கா காபியின் பழுப்பு, 2026-க்கு மேகவெள்ளை. நம் நாட்டில் ஏஷியன் பெயின்ட்ஸும் தன் பங்குக்கு ஆண்டு வண்ணம் சொல்கிறது; 2024-இல் அது மண் நிறம். அறிவிப்பு வந்த வாரத்திலேயே புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "இந்தக் கலரை ஹாலில் அடித்துவிடலாமா?"

மேலே சொன்னவற்றில் பேன்டோனின் கடைசி நான்கையும் மறுபடி பாருங்கள். மெஜந்தாவுக்கும் மேகவெள்ளைக்கும் இடையே மூன்றே ஆண்டுகள். நல்ல எமல்ஷன் வீட்டுக்குள்ளே ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை தாங்கும். அறிவிப்பைத் துரத்தினால் சுவர் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். அதற்காக ஆண்டு வண்ணங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றில் பல அழகானவை. காலத்தின் மனநிலையைத் தொட்டுக் காட்டுபவை. எந்த வண்ணம் என்று கேட்கும்போதே, எந்தப் பரப்பில் என்றும் கேளுங்கள் என்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக, கொச்சியின் மட்டாஞ்சேரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தரையில் வந்து தங்கிய மோகம்

மட்டாஞ்சேரியின் யூதத் தெருக் கோடியில் பரதேசி சினகாக் இருக்கிறது. 1568-இல் கட்டப்பட்ட யூதர் வழிபாட்டுக் கூடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் நீலமும் வெள்ளையுமாகப் பீங்கான் ஓடுகள். சீனாவின் கேன்டனிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. யூத வணிகர் எசெக்கியேல் ரஹாபி அவற்றைத் தருவித்தார். ஒவ்வோர் ஓட்டையும் கையால் வரைந்திருக்கிறார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து ஓடுகளில்கூட மரத்தின் கிளை வேறு மாதிரி வளைகிறது, நீலத்தின் அழுத்தம் கூடிக் குறைகிறது.

அன்று அந்த நீல-வெள்ளை உலகத்தையே பிடித்தாட்டிய மோகம். சீனப் பீங்கானைப் பார்த்து ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரக் குயவர்கள் அதே நிறத்தில் ஓடும் தட்டும் செய்துகொண்டிருந்தார்கள். கொச்சியோ டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. பேன்டோன் அன்று இருந்திருந்தால் இதைத்தான் நூற்றாண்டின் வண்ணம் என்று அறிவித்திருக்கும். சுமார் இரண்டரை நூற்றாண்டு கழித்தும் அந்தத் தரை பழையதாகத் தோன்றவில்லை. ஏன் என்று யோசித்தால் மூன்று காரணங்கள் கிடைக்கின்றன. நீலம் கோபால்ட்டிலிருந்து வந்தது. மெருகோடு சேர்த்துச் சூளையில் சுட்டபின் அது வெயிலுக்கும் தண்ணீருக்கும் அசையாது. கையால் வரைந்ததால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து கண்ணை அலுக்க வைப்பதில்லை. மூன்றாவதுதான் வீட்டு அலங்காரத்துக்கு முக்கியம்: சுவர்கள் வெள்ளையாக விலகி நின்று தரைக்கு வழிவிடுகின்றன. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள், கீழே நீலம், நடுவே அமைதி.

இதையே செட்டிநாட்டிலும் பார்க்கலாம். ஆத்தங்குடிக் கல்லில் பச்சையும் சிவப்பும் மஞ்சளும் கூத்தாடும். அதைத் தாங்கிக்கொள்ள முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருக்கும். கொச்சியிலும் காரைக்குடியிலும் வணிகர்கள் காலத்தின் புதுமையை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கவில்லை. அழியாத பொருளில் கொண்டுவந்தார்கள், மற்றதை அடக்கி வைத்தார்கள்.

அதே மட்டாஞ்சேரியில் சினகாகுக்குப் பக்கத்திலேயே அரண்மனை. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டி கொச்சி அரசருக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பின்னால் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே பார்த்தால் ஓட்டுக்கூரையும் வெள்ளைச் சுவருமாக எளிய கட்டடம். பள்ளியறைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க இராமாயணம். இவ்வளவு நிறைந்த சுவரும் கண்ணை உறுத்தாததற்குக் காரணம் அதன் வண்ணங்கள். கேரளச் சுவரோவிய மரபில் மஞ்சளும் சிவப்பும் காவி மண்ணிலிருந்து, கருப்பு விளக்குப் புகையிலிருந்து, பச்சை இலைச்சாற்றிலிருந்து. வெள்ளை மட்டும் தனியாகப் பூசுவதில்லை, சுண்ணாம்புப் பூச்சையே விட்டுவிடுவது. அந்த அரண்மனையின் கருந்தரையைச் சலவைக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். எரித்த கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தது. மேட் பிளாக் என்று இன்று ஓடு வாங்குகிறவர்கள் ஒருமுறை அதைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கருமைக்குள் ஒரு பழுப்பு உயிரோடு இருக்கிறது.

எந்த வெள்ளை?

2026-இன் வண்ணம் வெள்ளை என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். வெள்ளை அடிப்பதுதான் வண்ணங்களிலேயே கடினமான வேலை, அதுவும் கேரளக் கரையில்.

ஃபோர்ட் கொச்சியின் வெளி மைதானத்துப் பக்கம் வண்ணாந்துறை இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். கஞ்சி போட்டு, நீலம் முக்கி, வெயிலில் விரித்த வேட்டியின் வெண்மைக்கு ஈடு சொல்ல முடியாது. நீலம் செய்வது என்னவென்றால், துணியில் ஏறியிருக்கும் மெல்லிய மஞ்சளைத் தின்றுவிடுகிறது. நம் வீடுகளில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் போட்டதும் இதற்காகத்தான். அந்த நீலம் அல்ட்ராமரின் வகை. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்யன் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்தால் காரம் அதைச் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும். கடையில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

ஆனால் வேட்டிக்குச் சரியான வெண்மை சுவருக்குச் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. வேட்டி வெயிலில் திரிகிறது. சுவர் இருக்கும் இடத்தில் வரும் வெளிச்சத்தைத்தான் வாங்குகிறது. கேரள வீட்டின் தாழ்வாரம் தாழ்ந்தது. வானத்து வெளிச்சம் நேராக உள்ளே வராது. முற்றத்து மண்ணிலும் வாழை இலையிலும் பட்டுத்தான் வரும். அப்போது சுத்தமான வெள்ளைச் சுவர் பச்சை பூத்து நிற்கும். மட்டாஞ்சேரியின் குறுகிய சந்துகளில் இன்னொரு விதம்: எதிர்வீட்டுச் சுவர்தான் உங்கள் வானம். எதிர்வீட்டுக்காரர் மஞ்சள் அடித்திருந்தால் உங்கள் முன்னறை காலையில் மஞ்சள். கீழே சிவப்புக் காவித் தரை இருந்தால் சுவரின் அடிப்பாகம் இளஞ்சிவப்பு.

ஆகவே வெள்ளையைத் தேர்வதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அச்சுக்குப் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாள் போதும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தாள் பச்சையாகத் தெரிந்தால் சிவப்பின் சாயல் ஒரு துளி உள்ள வெள்ளையை எடுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் கலந்த வெள்ளை. நீலமாகத் தெரிந்தால், வடக்குப் பார்த்த மாடி அறைகளில் அப்படித் தெரியும், சந்தனச் சாயலுள்ள வெள்ளை. பேன்டோன் எந்த வெள்ளையை அறிவித்தாலும் உங்கள் அறையின் வெள்ளையை அந்தத் தாள்தான் சொல்லும்.

விளக்கையும் மறக்கக் கூடாது. 6500 கெல்வின் எல்இடி குழல்விளக்கின் கீழ் நீலவெள்ளைச் சுவர் மருத்துவமனை வார்டுபோல ஆகிவிடும். அதே சுவர் 3000 கெல்வின் விளக்கில் பால்நிறமாகத் தெரியும். முதலில் விளக்கை முடிவு செய்துவிட்டு வெள்ளைக்கு வாருங்கள்.

சுவருக்கு மூச்சு வேண்டும்

வண்ணத்தைப் பற்றிய எல்லா ஆலோசனையும் சுவர் காய்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்லப்படுவது. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அதன்மேல் காயலின் ஈரம், கடலின் உப்பு. மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் வெட்டுக்கல்லில் கட்டிச் சுண்ணாம்புக் காரை பூசியவை. வெட்டுக்கல் என்று அங்கே சொல்வது நம் செம்புறாங்கல்தான். அது தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியேறும். இந்தப் போக்குவரத்து நடக்கும்வரை சுவருக்கு ஆபத்தில்லை.

2012 டிசம்பர் 12-இல் முதல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியது. மிளகும் சுக்கும் கிடந்த கிடங்குகள் கலைக்கூடங்களாக மாறின. அதைத் தொடர்ந்து வந்த காபிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் பழைய சுவர்களுக்குப் புது வண்ணம் பூசின. அதில் பல அழகாக இருந்தன. ஆனால் சுண்ணாம்புச் சுவரின்மேல் பட்டி பார்த்து, பளபளப்பான அக்ரிலிக் எமல்ஷனை இழுத்த இடங்களில் இரண்டு மழைக்காலத்துக்குள் சுவர் கொப்பளித்து, உப்புப் பூத்து, தோல் தோலாக உரிந்ததை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே வண்ணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பிளாஸ்டிக் படலம் போட்டுச் சுவரின் வாயை அடைத்ததால் வந்த வினை.

பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. கற்சுண்ணாம்பைத் தாளித்து, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் பசையோ அரிசிக் கஞ்சியோ சேர்ப்பார்கள். சுவரை முதலில் நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று கோட்டு. அடிக்கும்போது கண்ணாடிபோலத் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். அவசரப்பட்டுத் தடிமனாக இழுத்தால் பொருக்காகும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி அது மறுபடி கல்லாக இறுகுகிறது. அதன் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. வண்ணம் வேண்டுமென்றால் மஞ்சள் காவி, செங்காவி போன்ற இரும்பு ஆக்சைடுகளைக் கலக்கலாம். காரமும் வெயிலும் அவற்றை ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சாய்ந்து உட்காருகிறவர் சட்டையில் ஒட்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், தோலையும் பொசுக்கும். அடிப்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

புதுச் சிமென்ட் சுவரானால் பூசி 28 நாளாவது போகட்டும். பிறகு காரம் தாங்கும் பிரைமர். புதிதோ பழையதோ, ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள். குழாய்க் கசிவையும் கூரையையும் பாருங்கள். நாகப்பட்டினத்துக்கும் நாகர்கோவிலுக்கும் கொழும்புக்கும் இதே சோதனைதான். மதுரை, திருச்சி மாதிரி வறண்ட ஊரில் ஓதத்தைவிடப் புழுதிதான் தொல்லை; அங்கே கழுவக்கூடிய எமல்ஷன் நியாயமான தேர்வு.

இப்போது ஓடும் வண்ணங்கள்: என் கருத்து

சாம்பல் நிறத்தை மழைநாட்டில் நான் பரிந்துரைப்பதே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் சாம்பல், காயல் சாம்பல். வீட்டுக்குள்ளும் அதுவே என்றால் மனம் சோர்ந்துபோகும். தொழில் சார்ந்த காரணமும் உண்டு. சாம்பல் சுவர் எப்போதும் ஈரமாக இருப்பதுபோலவே தெரியும். உண்மையாகவே ஓதம் ஏறும்போது அது முற்றிய பிறகுதான் கண்ணில் படும். குளிர்நாட்டு வெயிலில் அழகாக இருந்த வண்ணத்தைப் படத்தில் பார்த்து இங்கே கொண்டுவந்ததால் வந்த பிழை இது.

மண் நிறம், டெரகோட்டா: எனக்குப் பிடித்தது, நம் நிலத்தின் நிறம். ஆனால் மங்களூர் ஓடும் செம்மண்ணும் காவித் தரையும் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் சுவரும் அதே நிறமானால் அறை சூடேறிப்போகும். தரையில் வெள்ளை விட்ரிஃபைட் ஓடு போட்ட அடுக்ககத்தில்தான் இதற்கு உண்மையான வேலை இருக்கிறது. ஒரு சுவருக்கு அடியுங்கள். இரும்பு ஆக்சைடு ஆனதால் வெளிச்சுவரிலும் வெளுக்காது.

அடர்பச்சையும் கடல்நீலமும் மட்டாஞ்சேரியின் கதவு, ஜன்னலில் பார்க்க வேண்டியவை. வெள்ளையோ மஞ்சள் காவியோ பூசிய சுவரில் ஒரு நீலக்கதவு நின்றால் தெருவே நிமிர்ந்து உட்காருகிறது. எனாமல் ஒரு டப்பா போதும்; அலுத்தால் அடுத்த பொங்கலுக்கு மாற்றலாம். ஆண்டு வண்ணத்தோடு விளையாடக் கதவுதான் உகந்த இடம் என்பேன். அடுத்த இடம் துணி: திரை, மெத்தை விரிப்பு, தலையணை உறை. மெஜந்தா, பீச் போன்றவை அங்கே வந்துபோகட்டும். வெளிச்சுவரில் இவற்றை அடிக்க ஆசைப்பட்டால் வண்ண அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்துக்கு மட்டும் என்று சில நிறங்களுக்குப் பெயின்ட் நிறுவனமே குறிப்பு போட்டிருக்கும். வெயிலில் வெளுக்கும் நிறமி என்று அதற்குப் பொருள்.

பழுப்பு பற்றிச் சுருக்கமாக: தேக்கும் அயினியும் பலாவும் இருக்கிற வீட்டில் அந்த வேலையை மரம் செய்துவிடுகிறது. மரத்தை வார்னிஷ் போட்டுப் பராமரித்தால் போதும்.

அட்டையை நம்பாதீர்கள்

கடைக்காரர் தரும் இரண்டு அங்குலச் சதுரத்தைப் பார்த்து முடிவெடுத்தால் அடித்து முடித்தபின் திகைப்பீர்கள். நான்கு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று ஒளியை வீசுவதால் அறையில் எந்த வண்ணமும் அட்டையில் இருந்ததைவிட அடர்ந்து தெரியும். அட்டையில் மனசுக்குப் பிடித்த கட்டத்துக்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். சிறு டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி கனமான அட்டை ஒன்றில் இரண்டு கோட்டு அடித்து, அதை அறையின் ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துவைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு, நடுப்பகலில், விளக்குப் போட்டபின். மழை பெய்கிற ஒரு பிற்பகலில் பார்க்கக் கிடைத்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. சுவரிலேயே நேராக அடித்துப் பார்த்தால் பழைய வண்ணம் சுற்றிலும் நின்று கண்ணை ஏமாற்றும்.

சில அட்டைகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பித் தருகிறது என்ற கணக்கு. முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. சந்து வீட்டில், ஒரே ஜன்னல் அறையில் 60-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் பகலில் விளக்குப் போட வேண்டியதில்லை.

பழைய வீடு என்றால் இன்னொன்று செய்யுங்கள். கதவு நிலைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், கத்தியால் ஓர் அங்குலம் மெதுவாகச் சுரண்டுங்கள். அடுக்கடுக்காக முந்தைய வண்ணங்கள் தெரியும்: வெளிர்பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் மஞ்சள் காவி, கடைசியில் சுண்ணாம்பு. அந்த அறையின் வெளிச்சத்தில் தலைமுறைகள் வாழ்ந்து பார்த்துத் தேர்ந்த வண்ணங்கள் அவை. அவற்றில் ஒன்றுக்குத் திரும்பிப் போவதைப் பலர் யோசிப்பதே இல்லை. மிகப் பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மரவேலையைச் சுரண்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள். மட்டாஞ்சேரிபோன்ற பாரம்பரியப் பகுதியில் வெளிமுகத்தை மாற்றும் முன் மாநகராட்சியில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

வேலையைத் தொடங்க டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். துலாவர்ஷம் என்று கேரளத்தில் சொல்லும் ஐப்பசி மழை ஓய்ந்து சுவர் உலர்ந்திருக்கும். ஜூன் மழைக்குள் பூச்சு இறுகிவிடும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தொடர்வதால் தை பிறந்தபின் தொடங்குங்கள். ஓர் அறைக்கு வேண்டிய பெயின்ட் முழுவதையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். இரண்டு டப்பா ஆகுமானால் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கலவை இயந்திரத்தின் சிறு வேறுபாடு சுவரின் நடுவில் கோடாக விழாது. வண்ணத்தின் எண், நிறுவனம், வாங்கிய தேதி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மின்சார மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தால், நான்கு ஆண்டு கழித்து ஆணி அடித்த ஓட்டையை மூட வரும் பெயின்டர் சரியான டப்பாவோடு வருவார்.